ஏறத் தெரியாத கரப்பான்கள்

வரிசைப்படி சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இழைக்கப்பட்ட அநீதிகள் நான்கு. வரிசை மாறினால் பொருள் மாறிவிடும்.

முதலாவது, பஞ்சாலை நிர்வாகம் செய்தது. ஆட்குறைப்பை எதிர்த்து வாயிற்கூட்டம் போட்டேன் என்று வேலையை விட்டு நீக்கினார்கள். பரவாயில்லை. எதிரி எதிரியின் வேலையைச் செய்தான்.

இரண்டாவது, என் சங்கமே செய்தது. பொதுச் செயலாளர் முதலாளி வீட்டுக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதை எழுதித் துண்டறிக்கை அடித்து, அவர் குடியிருந்த தெருவிலேயே வீடு வீடாகக் கொடுத்தேன். ஒழுங்கு நடவடிக்கை என்றார்கள். அவர்கள் விளக்கம் கேட்டு அனுப்பிய கடிதம் முழுக்க எழுத்துப் பிழை. சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு பதில் இல்லை.

மூன்றாவது, என் மகன். சமதர்மன் என்று பேர். பேரில் மட்டும்தான். கணினிக் கம்பெனியில் வேலை பார்த்தான். ஒரு ஓணானை வாங்கி வளர்த்தான். நெதர்லாந்தில் வேலை கிடைத்ததும் அதை என் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டான்.

நான்காவது, போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. சிங்காநல்லூரில் நான் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கம், ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் என்னை வெளியே அனுப்பியது. அதனால்தான் மடியில் ஒரு கூடையும் காலடியில் ஒரு பெட்டியுமாக உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வெள்ளகோவிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அங்கே விசைத்தறித் தொழிலாளர் சங்கத்துக்கு ஒரு மாடி அறை இருக்கிறது. என் பழைய தோழர் ஓபுளிசாமி சாவி வைத்திருக்கிறார்.

காலைக் கொஞ்சம் நகர்த்துங்கள். பெட்டியில் இடிக்கிறது.

உங்களை நான் ‘சார்’ என்று கூப்பிட மாட்டேன். யாரையும் கூப்பிட்டதில்லை. தோழர் என்று கூப்பிடலாம் என்றால், நீங்கள் தோழரா இல்லையா என்று தெரியாது. முகத்தைப் பார்த்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. போகட்டும்.

பஸ் ஏறும்போது கண்டக்டர் கேட்டதைக் கவனித்தீர்களா?

“பெரியவரே, பொட்டிக்குள்ள என்னங்க? லக்கேஜ் போடோணும்.”

“கரப்பான்.”

“வெளையாடாதீங்க.”

“உயிருள்ள கரப்பான். தென் அமெரிக்க இனம். திறந்து காட்டட்டுமா?”

“வேண்டாஞ்சாமி! நீங்க உக்காருங்க மொதல்ல.”

டிக்கெட் போடாமலே போய்விட்டார். விதிப்படி போட்டிருக்க வேண்டும். கடமையைச் செய்யத் துணிவில்லாத ஆள். நாடு இந்த மாதிரி ஆட்கள் கையில்தான் இருக்கிறது.

கூடைக்குள் இருப்பதுதான் ஓணான். பயப்படாதீர்கள், துணி கட்டியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. கழுத்தைச் சுற்றி முள் முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் தாடி கறுக்கும். மகன் ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருந்தான். நான் மேஸ்திரி என்று மாற்றினேன். எங்கள் ஆலையில் ஒரு மேஸ்திரி இருந்தான். சூடான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் எல்லோரையும் பார்ப்பான். ஒரு துரும்பை நகர்த்த மாட்டான், தலையை மட்டும் ஆட்டுவான். இதுவும் அப்படியே. விளக்கடியில் கல் மேல் படுத்துக்கொண்டு சாப்பாடு தன் வாய்க்கு முன்னால் நடந்து வர வேண்டும் என்று எதிர்பார்க்கும். நடந்தே வர வேண்டும். செத்த பூச்சியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

“அப்பா, கடையில பூச்சி விக்கறாங்க. வாரா வாரம் வாங்கிப் போட்டுடுங்க, அவ்ளோதான்” என்றான் மகன் போனில்.

அவ்வளவுதானாம். உக்கடத்தில் ஒரு கடைக்காரன் விற்கிறான். பாதி செத்த பூச்சி. கேட்டால், “வேண்ணா எடுத்துக்கங்க, இல்லாட்டி உட்ருங்க” என்கிறான். ஊரில் வேறு யாரும் விற்பதில்லை, அந்தத் திமிர். உற்பத்திச் சாதனம் நம் கையில் இல்லாதவரை எவனோ ஒருவன் நம் கழுத்தில் கால் வைப்பான். இது பாலபாடம். ஆகவே பூச்சியை வீட்டிலேயே இனப்பெருக்கம் செய்வது என்று தீர்மானித்தேன்.

எந்தப் பூச்சி? அதுதான் கேள்வி. இணையத்தில் ஆளாளுக்கு “வணக்கம் நண்பர்களே” என்று பல்லைக் காட்டிக்கொண்டு ஒவ்வொன்று சொல்கிறார்கள். ஒருவனுக்கும் அடிப்படை ஆய்வு கிடையாது. நான் ஒவ்வொன்றாக வளர்த்துப் பார்த்தேன்.

முதலில் சில்வண்டு. எல்லோரும் சொல்வது அதைத்தான். ராத்திரி முழுக்கக் கத்தும். கத்துவதில் எனக்கு மறுப்பு இல்லை. எதற்காகக் கத்துகிறது என்று பார்க்க வேண்டாமா? ஆண் வண்டு பெண் வண்டுக்காகக் கத்துகிறது. அதைத் தவிர ஒரு கோரிக்கை கிடையாது. பசித்தால் பக்கத்தில் இருப்பதைத் தின்னும், கால் உடைந்ததை முதலில் தின்னும். என் பழைய சங்கத்தின் செயற்குழு ஞாபகம் வந்தது. தண்ணீர்த் தட்டில் விழுந்து கும்பலாகச் செத்து நாறும்.

“ஏனுங்க, ராத்திரில கண்ணு மூட முடியறதில்லீங்க” என்றாள் என் மனைவி.

“ஆய்வு நடக்கிறது, பொறுத்துக்கொள்” என்றேன். பொறுத்துக்கொண்டாள்.

பிறகு மாவுப்புழு. கோதுமைத் தவிட்டில் போட்டு, ஈரத்துக்கு இரண்டு உருளைக்கிழங்குத் துண்டு வைத்தால் போதும். சத்தமும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆனால் உடம்பெல்லாம் கொழுப்பு, மேல்தோல் கெட்டி. அதையே தினமும் போட்டால் ஓணானுக்கு வயிறு கட்டிக்கொள்ளும். தவிட்டில் பிறந்து, தவிட்டைத் தின்று, தவிட்டிலேயே சாகும். சுத்தமான நடுத்தர வர்க்கம். ஒதுக்கினேன்.

பட்டுப்புழுவையும் பார்த்தேன். உடுமலைப் பக்கம் ஒரு விவசாயி கொடுத்தார். நல்ல சத்து, மெத்தென்று இருக்கும், மேஸ்திரி ஆசையாகத் தின்றான். ஆனால் அது பரம்பரைச் சீமான். முசுக்கொட்டை இலை தவிர எதையும் வாயில் வைக்காது, அதுவும் வாடாத இலையாக இருக்க வேண்டும். ஊதுபத்திப் புகை பட்டால் சுருண்டுவிடும். அதனால் வீட்டில் ஊதுபத்தி கொளுத்தக் கூடாது என்று தடை போட்டேன். பட்டுப்புழு போன பிறகும் தடையை நீக்கவில்லை. எப்படியும் பகுத்தறிவுக்கு ஒத்த தடைதானே.

ஒரு கறுப்பு ஈ இருக்கிறது. அதன் புழு சமையலறைக் கழிவைத் தின்று கொழுக்கும். ஆனால் ஈக்கள் வெயிலில் பறந்துதான் இணை சேரும். அதற்கு வலைக்கூண்டு வேண்டும். என் மனைவி கட்டிலில் இருந்த கொசுவலையை எடுத்து பால்கனியில் கட்டினேன். ஈக்கள் இணை சேரவில்லை. மழை வந்து எல்லாம் போயிற்று, வலையும் கிழிந்தது.

கடைசியில் கரப்பான். நம் வீட்டுக் கரப்பான் இல்லை, வெளிநாட்டு இனம். அகலமாக, தட்டையாக இருக்கும். கத்தாது, நாறாது, பறக்காது. முட்டையை வெளியே விடாமல் குட்டியாகவே போடும். எல்லாவற்றுக்கும் மேல், வழவழப்பான சுவரில் ஏற அதனால் முடியாது. சாதாரண பிளாஸ்டிக் பெட்டியே போதும், மூடி கூட வேண்டாம்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு நாள் பூராவும் பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றாவது முட்டி மோதும், ஒன்றன் மேல் ஒன்று ஏறியாவது விளிம்பைத் தொடப் பார்க்கும் என்று காத்திருந்தேன். கிடையாது. முட்டை அடுக்கும் அட்டைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். போட்டதைத் தின்னும். வெளிச்சம் பட்டால் ஓடும். இப்படி ஒரு அடிமைப் பிறவியை நான் எங்கேயும் கண்டதில்லை. அன்றைக்கே அதைத் தேர்ந்தெடுத்தேன்.

நிர்வாகம் மிக எளிது. இருட்டு, வெதுவெதுப்பு, கேரட். ஆண்கள் அதிகமானால் உற்பத்தி குறையும். ஆகவே தேவைக்கு மேல் இருக்கும் ஆண்களை மேஸ்திரியிடம் அனுப்பி ஆட்குறைப்பு செய்துவிடுவேன். இறக்கை கிழிந்தது, வயதானது எல்லாம் முதல் தவணையிலேயே போய்விடும். தாட்சண்யம் பார்த்தால் எதையும் நடத்த முடியாது. இதையெல்லாம் மகன் ஒரு நாளாவது கேட்டானா? “சூப்பர்ப்பா” என்றான். அதோடு சரி.

பெட்டியை எங்கே வைப்பது என்று ஒரு பிரச்சினை வந்தது. சமையலறையை ஒட்டி ஒரு சுவர் அலமாரி. கதவு போட்டது, உள்ளே விளக்குக்கு ஒயர் வந்திருக்கிறது, எப்போதும் சூடு நிற்கும். அதில் என் மனைவி முருகன் படம் வைத்திருந்தாள்.

“ஏனுங்க, பால்கனில வெக்கலாமுங்களா?”

“சூடு பத்தாது.”

“அப்ப சாமிய எங்கீங்க வெக்கிறது?”

“எங்கும் இருப்பவர் என்று நீதானே சொல்வாய்? எங்காவது இருப்பார்.”

படத்தை எடுத்துத் துடைத்து பிரிட்ஜ் மேல் வைத்தாள்.

எங்கள் வீட்டில் எதையும் நான் தன்னிச்சையாகச் செய்வதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தீர்மானத்தை வாசிப்பேன். ஆட்சேபணை உண்டா என்று கேட்பேன். சற்றுப் பொறுப்பேன். ஆட்சேபணை வராவிட்டால் ஒருமனதாக நிறைவேறியது என்று அறிவிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முறை. இன்றுவரை ஒரு தீர்மானம் கூடத் தோற்றதில்லை. இவ்வளவு ஜனநாயகமாக நடக்கும் குடும்பத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

என்ன? அவள் வரவில்லையா என்றா கேட்கிறீர்கள்? வரவில்லை. கிளம்பும்போது பூச்சிகளுக்குக் கேரட் நறுக்கிக் கொடுத்தாள். எனக்குப் புளிசாதம் கட்டிக் கொடுத்தாள். பிறகு வருவாள். நான் வரச் சொல்லி எழுதியதும் வருவாள். குறுக்கே பேசாதீர்கள், வரிசை போய்விடும்.

லிப்டில் ஒரு கரப்பான் வந்தது. சாக்கடைக் குழாய் வழியாக ஏறி வரும் சாதாரண நாட்டுக் கரப்பான். எதிர்வீட்டு ஹேமலதா போட்ட கூச்சலில் கார் நிறுத்துமிடம் வரை ஆள் கூடிவிட்டது. மருந்து அடித்தார்கள், மறந்துபோனார்கள். என்னால் மறக்க முடியவில்லை. ஒருவேளை என் பெட்டியிலிருந்து வந்தது என்று நாளைக்கு எவனாவது பழி சொன்னால்? முந்திக்கொள்ள வேண்டும். இரண்டு கரப்பான்களுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கி ஒரு துண்டறிக்கை எழுதினேன். ‘குடியிருப்போரே, சிந்திப்பீர்!’ என்று தலைப்பு. ஒவ்வொரு கதவிலும் நானே ஒட்டினேன்.

அதுவரைக்கும் அப்படி ஒரு பெட்டி இருப்பதே ஒருவருக்கும் தெரியாதாம். பிறகு சொன்னார்கள். அறியாமையைப் போக்கியவன் நான். அதற்குப் பரிசு, அவசரப் பொதுக்குழு.

கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டார்கள். செயலாளர் கோவர்த்தனன், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு முறை கூட உரத்துப் பேசியிருக்க மாட்டார்.

“ஐயா, உங்களுக்கு யாரும் எதிரி இல்லீங்க. அந்தப் பொட்டிய மட்டும் வேற எங்காச்சும் குடுத்துருங்க. ஓணான் பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது.”

“ஓணான் என்ன, காற்றையா குடித்துக் கிடக்கும்?” என்றேன்.

“கொஞ்சம் கடலமுட்டாய் வாங்கிப் போடுங்க!” என்று பின்னாலிருந்து எவனோ சொன்னான். சிரித்தார்கள். வாதத்தில் தோற்பவன் சிரிப்பான், எனக்குத் தெரியாதா?

பெட்டியைக் கொண்டு வந்திருந்தேன். நடுவில் வைத்து, தூக்கி வருவதற்காகப் போட்டிருந்த மூடியைத் திறந்தேன். நாற்காலி மேல் ஏறியவர்களில் ஆண்களும் உண்டு. நான் கையால் பெட்டியைத் தட்டினேன். எல்லாம் மூலைக்கு ஓடின. ஒன்றாவது ஏற வேண்டுமே!

“பார்த்தீர்களா? ஏறத் தெரியாது! பிறவியிலேயே தெரியாது!”

“ஏறத் தெரியாட்டி என்னங்க தாத்தா, கரப்பான் கரப்பான்தானுங்களே!” என்றாள் ஹேமலதா நாற்காலி மேல் நின்றபடியே. விஞ்ஞானம் தோற்கும் இடம் இதுதான்.

அப்போது ஓர் உரை ஆற்றினேன். நீண்ட நாளுக்குப் பிறகு தொண்டை திறந்தது. இந்தக் குடியிருப்பில் தண்ணீர் லாரிக்காக மறியல் செய்தது யார்? வீட்டு வேலைக்கு வரும் பெண்கள் லிப்டில் ஏறக் கூடாது என்று எழுதியிருந்த பலகையைக் கழற்றி எறிந்தது யார்? காவலாளிக்கு வார விடுமுறை வாங்கிக் கொடுத்தது யார்? “இது பூச்சிப் பெட்டி மீதான வாக்கெடுப்பு இல்லை. என் மீதான நம்பிக்கை வாக்கெடுப்பு. பெட்டி வெளியே போனால் அதன் பின்னாலேயே நானும் போவேன். இந்த வாசற்படியை மறுபடி மிதிக்க மாட்டேன்” என்றேன்.



“எதுக்குங்க அவ்ளோ பெரிய வார்த்த?” என்றார் கோவர்த்தனன். “சீட்டு எழுதிப் போட்ருலாம். அவங்கவங்க மனசுல இருக்கறத எழுதட்டும். பேரு வேண்டாமுங்க.”

சொல்லிவிட்டுத் துண்டுச் சீட்டுகளைக் கொடுக்கவும் ஆரம்பித்துவிட்டார். எனக்கு ரத்தம் கொதித்தது. ஆலையில் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்று போராடியவன் நான்தான், மறுக்கவில்லை. அங்கே நிலைமை வேறு. எதிரில் முதலாளி நின்றுகொண்டிருந்தான். கை தூக்கினால் சோறு போய்விடும் என்று தொழிலாளி பயந்தான். இங்கே யாருக்கு யாரிடம் பயம்? இங்கே சீட்டில் எழுதுவது கோழைத்தனம், முகத்துக்கு முன் சிரித்துவிட்டு முதுகில் குத்துகிற வேலை.

திரும்பிப் பார்த்தால், பின் வரிசையில் என் மனைவி கூட ஒரு சீட்டு வாங்கி, எழுதி, நாலாக மடித்துக் கைக்குள் வைத்திருக்கிறாள். அவளுக்கு என்ன தெரியும், எல்லோரும் வாங்குகிறார்கள் என்று வாங்கியிருப்பாள். நேரே போய் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டேன்.

“நமக்கு எதற்கு இதெல்லாம்? நாம் வெளிப்படையாகச் சொல்கிறவர்கள்” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, “சரிங்க” என்றாள்.

முன்னால் வந்து திருத்தம் கொண்டுவந்தேன். வீட்டுக்கு ஒரு ஓட்டு. பத்திரத்தில் உள்ளபடி உரிமையாளர் பேரைச் செயலாளர் உரக்கப் படிக்க வேண்டும். அந்த ஆள் எழுந்து நின்று, எல்லோரையும் சாட்சியாக வைத்துக்கொண்டு, இருக்கட்டும் அல்லது போகட்டும் என்று சொல்ல வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓட்டு கிடையாது. அவர்கள் எனக்கு எதிராக இருந்தார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. விதி விதிதான். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. நிறைவேறியது.

நான் நினைத்தபடியே நடந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பல பேருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தபால் துறையில் இருந்த பெரியவர் என்னைப் பார்த்தார், தண்ணீர் லாரியை நினைத்திருப்பார், “இருக்கட்டும்” என்றார். ஹேமலதாவின் கணவர் மனைவியையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் தரையைப் பார்த்து “போகட்டும்” என்றார். ஒரு பல் டாக்டர், “இருக்கட்டும், ஆனா மூடி போட்டு” என்றார். நிபந்தனை ஓட்டு செல்லாது என்று சிலர் எழுந்தார்கள். செல்லும் என்று நிரூபித்தேன். இப்படியே ஏறியும் இறங்கியும் வந்து, கடைசி வீட்டுக்கு முன்னால் சரிசமமாக நின்றது.

கடைசி வீடு எங்கள் வீடு.

எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். நன்றியுரைக்கு முதல் வாக்கியம் கூடத் தயாராக இருந்தது.

“நீங்க உக்காருங்க ஐயா” என்றார் கோவர்த்தனன். “பத்திரத்துல உள்ளபடின்னு நீங்கதானுங்களே சொன்னீங்க.”

ஆமாம், பத்திரம் அவள் பேரில்தான். ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இருந்து ஓய்வு பெற்றபோது வந்ததைப் போட்டு அவள் வாங்கினாள். சொத்து என்று ஒன்று என் பேரில் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே அது ஒரு சம்பிரதாயம், அவ்வளவுதான். அவள் வாய் சொன்னால் என்ன, என் வாய் சொன்னால் என்ன? உட்கார்ந்தேன். கால் மேல் கால் போட்டுக்கொண்டேன்.

கோவர்த்தனன் தயங்கினார். பின் வரிசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “படிக்கோணுங்களா?” என்று மெல்லக் கேட்டார். பாருங்கள், ஒரு பேரைப் படிக்கக் கூடத் துணிவில்லை அந்த மனிதருக்கு.

“படியுங்கள்!” என்றேன். “எல்லோரும் கேட்கட்டும்!”

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் பேரைப் படிப்பதற்குள்ளாகவே அவள் எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக நின்றாள். மருத்துவமனையில் வேலைக்கு நிற்பது போல நின்றாள். கோவர்த்தனன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் கேட்டுக்கொண்டபடியே, கடைசி நாற்காலி வரைக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். ‘இந்தா’ என்றே கூப்பிட்டுப் பழகிய எனக்கு அது யாருடைய பேர் என்று பிடிபடவே ஒரு கணம் ஆயிற்று:

“சி பிளாக், கடைசி வீடு. உரிமையாளர், திருமதி மயிலாத்தாள்.”